மழைக்காலம் என்று எழுதிய நாடா

பிப்ரவரி 12, 2023, ஞாயிறு

மன்றக் கூடத்துச் சுவர்க்கடிகாரம் இன்னமும் பின்தங்கியே ஓடுகிறது. சென்ற மாதம் 8ஆம் தேதியே காப்பாளர் ஒகுனோவிடம் எழுதிக் கொடுத்தேன். "இப்பல்லாம் சுவத்துக் கடிகாரத்த யாரு ஐயா பாக்குறாங்க?" என்கிறார். யாரும் பார்ப்பதில்லை என்றால் அதைக் கழற்றிவிடுவதல்லவா முறை?

இன்று ஒசாகாவின் நிப்பொம்பாஷி நுண்கணினிக் கழகத்தின் மாதக் கூட்டம். இரண்டாம் ஞாயிறு என்பது 1981 முதல் பிறழாத விதி. அக்காலத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டே கூட்டம் நடத்தியிருக்கிறோம். இன்று மூவர்.

நிஷிவாகி ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சால்டரிங் கோலைப் பல் துளைக்கும் கருவியைப் போலவே பிடிப்பார். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாத நிலையில்தான் கேள்வி கேட்பார். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு தனியார் ரயில் நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில் பணியாற்றிய என்னை "ஸ்டேஷன் மாஸ்டரே" என்று அழைப்பதை அவர் நிறுத்தப்போவதில்லை. நான் ஒருநாளும் நிலைய அதிகாரியாக இருந்ததில்லை. இதை எத்தனை முறை சொல்வது?

மூன்றாமவர் இகராஷி. நகரப் பேருந்து ஓட்டும் பெண்மணி, நாற்பதைக் கடந்தவர், சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. இன்று தாம் புதிதாகக் கட்டிய கணினியைக் கொண்டுவந்திருந்தார். பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே தண்ணீர்க் குழாய்கள், நீலமும் ஊதாவுமாக விளக்குகள்.

"மீன் எங்க?" என்றார் நிஷிவாகி.

"இது என்ன வேலை செய்யும்?" என்று நான் முறையாகக் கேட்டேன்.

"பளபளங்குதுல்ல, கட்சுராகி-சான்? அது ஒரு வேல இல்லையா?" என்று சிரித்துவிட்டு, அதையும் கைப்பேசியில் படம் பிடித்தார். அவர் பிடிப்பதையெல்லாம் யாரோ எங்கோ உட்கார்ந்து பார்க்கிறார்களாம்.

கூட்டம் முடியும் தறுவாயில் கதவு திறந்தது. முரோத்தாவின் மனைவி தோமிகோ. கழகத்தின் நாலாவது நாற்காலிக்குரிய முரோத்தா சென்ற ஜூன் 18இல் காலமானார். தோமிகோ இக்கூடத்தினுள் கால் வைத்தது இதுவே முதல் தடவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்தார்: முரோத்தாவின் எட்டு பிட் கணினி, அதன் நாடாக் கருவி, கூடவே ஒரே ஒரு ஒலிநாடா.

"மத்ததெல்லாம் அவரே யார் யாருக்கோ குடுத்துட்டாரு. இந்த ஒரு நாடாவ மட்டும் குடுக்கல. இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு, நின்றபடியே:

"நாப்பது வருஷம். ரெண்டாவது ஞாயித்துக்கெழம வந்தா மனுஷன் வீட்டுல இருக்க மாட்டாரு. எனக்குப் புரியாத விஷயம்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. வருஷத் திதி முடிஞ்சதும் வீட்டக் காலி பண்ணிட்டு சப்போரோவுக்கு மக வீட்டோட போயிடுவேன். அதுக்குள்ள, அப்படி என்னதான் பண்ணிட்டிருந்தாருன்னு ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். முடியுமா?"

ஜூன் 18க்குள் ஓட்டிக் காட்டுவதாக வாக்களித்தேன்.

"ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் குறிச்சுட்டாரு. இனி வண்டி வந்தே தீரும்" என்றார் நிஷிவாகி. தோமிகோ சிரிக்கவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

நாடாவை மேசைவிளக்கின் கீழ் வைத்து ஆராய்ந்தேன். உறைச்சீட்டில் முரோத்தாவின் சதுரமான கையெழுத்து: "மழைக்காலம். ஷோவா 57, ஜூன் 13." நாட்காட்டியைப் பார்த்துச் சரிபார்த்தேன். 1982ஆம் ஆண்டின் அந்த நாள் ஞாயிறேதான்.

அதன்கீழ் ஓர் எண்: 000. நாடாக் கருவியின் எண்காட்டியில் எந்த இடத்தில் எந்த நிரல் தொடங்குகிறது என்று குறித்துவைப்பது எங்கள் எல்லோருக்கும் பல் துலக்குவதைப் போன்ற வழக்கம். முரோத்தா அதில் என்னையே மிஞ்சியவர். ஆனால் பக்கத்தின் கடைசிவரை ஓடி நிற்கும் நாடாவுக்கு ஒரே எண்ணா? மறந்திருப்பாரோ? முரோத்தாவா?

அதே ஜூன் மாதத்தில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது அவரிடம் கணினி இல்லை. கணினி இல்லாதவர்கள் ஞாயிறுதோறும் நிப்பொம்பாஷிக் கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினிகளின் முன் வரிசை கட்டி நிற்பார்கள். முறை வந்தால் அரைமணி நேரம் தட்டலாம்; முடியாவிட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். எல்லோரும் பத்திரிகையை விரித்துவைத்து, அச்சில் ஒரு கண்ணும் விசையில் ஒரு கண்ணுமாகக் கழுத்து நோகத் தட்டுவோம். முரோத்தா பத்திரிகையைத் திறந்து நான் பார்த்ததில்லை. காதில் செவிப்பொறி, அதன் கம்பி மழைக்கோட்டின் பைக்குள். பேஸ்பால் வர்ணனை கேட்டபடியே மனப்பாடமாகத் தட்டும் அசகாயசூரன் என்று எங்களுக்குள் பேச்சு.

"ஓய், ஸ்கோர் என்ன?" என்று வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள்.

"இன்னும் ஆட்டம் முடியல" என்பார், திரும்பாமலே.

மார்ச் 12, ஞாயிறு

நிஷிவாகி ஒரு மாதம் உழைத்துக் கணினியை உயிர்ப்பித்துவிட்டார். வீங்கிப்போயிருந்த மின்தேக்கிகளைப் பிடுங்கி எறிந்து புதியவை பொருத்தினாராம். "சொத்தைப் பல்லு மாதிரியேதான். என்ன, இது மட்டும் கத்தாது."

நாடாக் கருவியைக் கணினியோடு இணைப்பதற்கு முன், முதல் சில நொடிகளை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டோம். கீச்சென்ற நீண்ட ஒலி, பிறகு கரகரப்பு. ஐயமில்லை, கணினி படிக்கும் ஒலிதான். திரும்பச் சுற்றி, கம்பியைச் செருகினேன். (செருகியதும் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும்; இக்கருவிகளின் அமைப்பே அப்படி.) நாடாவிலிருந்து ஏற்றும்படி கணினிக்குக் கட்டளையிட்டேன். ஒரு சிறு நிரல் பழுதின்றி ஏறியது. இயக்கியதும் திரையில் C000 என்று ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் கண்சிமிட்டும் சிறு கட்டமும் தோன்றின. வேறொன்றும் இல்லை.

இது முகப்பு நிரல். முதன்மை நிரல் இதற்குப் பின்னால் நாடாவில் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. நிஷிவாகியும் ஒப்புக்கொண்டார். அடுத்ததை ஏற்றச் சொன்னோம். நாடா சுழன்றது. கணினி ஒன்றும் சொல்லவில்லை. சில நிமிடங்களில் நிறுத்திவிட்டேன். நாற்பது ஆண்டுப் பழைய நாடாவை வீணே ஓட்டுவது முறையன்று.

காத்திருந்தபோது இகராஷி, "பத்திரிகைல வந்தத எல்லாம் கையாலயா தட்டுனீங்க? பக்கம் பக்கமாவா?" என்று கேட்டார். பக்கம் பக்கமாகத்தான். பத்து எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் மட்டுமே நிறைந்த பக்கங்கள். ஒரு புள்ளி பிசகினால் அத்தனையும் பாழ். ஆகையால் ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுவது வழக்கம். பி என்பதும் டி என்பதும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் வீட்டுக்கு வீடு ஒரு சங்கேதம் உண்டு. என் தம்பி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்வான்.

"நான் எனக்குப் பிடிக்காத வாத்தியாருங்க பேர வச்சிருந்தேன்" என்றார் நிஷிவாகி. "ஆறு பேருதான் தேவைப்பட்டாங்க. மிச்சப் பேர விட்டுட வேண்டியதாப் போச்சு."

மார்ச் 26, ஞாயிறு

வீட்டிலேயே மூன்று தடவை முயன்றேன். C000. கண்சிமிட்டல். எதற்காகக் காத்திருக்கிறது?

ஏப்ரல் 9, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

ஐந்தாவது முயற்சியும் பலிக்கவில்லை. இகராஷி நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நாடாவ என்கிட்ட குடுங்க, கட்சுராகி-சான். புதுக் கணினில ஒரே ஒரு தடவ பதிஞ்சு வச்சுக்கிட்டா, அப்புறம் ஆயிரந்தடவ போட்டுக் கேக்கலாம்."

"இது கேக்குற நாடா இல்ல. கணினி படிக்கிற நாடா."

"சும்மா முழுசா ஒருவாட்டி காதால கேட்டுத்தான் பாருங்களேன்!"

"ஆரம்பத்தக் கேட்டாச்சு. மிச்சமும் அதே கீச்சுதான். ஒவ்வொரு சுத்துக்கும் அதோட ஆயுசு தேயுது."

"அப்ப நீங்க மட்டும் எதுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டுறீங்க?"

இதற்கு நான் சொன்ன பதில் சரியான பதில் அன்று. அந்த நாடா பிறந்த கருவியில் மட்டுமே அது ஓடலாம். கழகத்தின் நடைமுறை அது. விளக்குப் போட்ட மீன்தொட்டிகளுக்கும் வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கும் அதில் இடமில்லை என்றேன்.

அவர் எழுந்தார். "நான் பஸ் ஓட்டுறவ. உங்கள மாதிரி ஆளுங்க போட்ட டைம்டேபிள்லதான் தினம் ஓடுறேன். அதுல மழையே பெய்யாது, கிழவிங்க மெதுவா ஏற மாட்டாங்க, எல்லாம் சரியா இருக்கும். ரோட்டுலதான் ஒண்ணும் சரியா இருக்காது." கதவருகில் திரும்பி, "இது கழகம்னு நெனச்சு வந்தேன். உங்க வீட்டுப் பூஜை மாடம்னு தெரியாமப் போச்சு" என்றார்.

நிஷிவாகி சால்டரிங் கோலை அணைத்துவைத்தார். பிறகு சொன்னார்: "வண்டியில இருந்த ஒரே பயணியும் எறங்கிருச்சு. இனி நீரும் நானும் பச்சக் கொடிய ஆட்டிக்கிட்டு நிக்கலாம்."

ஏப்ரல் 10, திங்கள்

காலையிலிருந்து மனசே சரியில்ல. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ஒருவேளை நாடா அறுந்துபோச்சுன்னா அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது? பயந்தேன் — அவ்வளவுதான். பயந்தேன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு போயிருக்காதே.

ஏப்ரல் 21, வெள்ளி

கண் மருத்துவரிடம் சென்ற வழியில் நிப்பொம்பாஷித் தெருவில் இறங்கினேன். நாங்கள் வரிசை நின்ற கடை இருந்த இடத்தில் இப்போது பொம்மைக் கடை. கண்ணாடிப் பேழைகளில் ஓரடி உயரப் பெண்கள் வாளேந்தி நிற்கிறார்கள். அதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. அந்தக் கடையும் தனக்கு முன்னிருந்த வானொலிக் கடையை விழுங்கிவிட்டு வந்ததுதான்.

அடுத்த கட்டடத்தின் வாசலில் பெரிய திரை. ஒருவன் உட்கார்ந்து விளையாட, பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இடது பக்கம்! இடது பக்கம்டா, குருட்டுப் பயலே!" என்று ஒரு குரல். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1982இல் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே குரல். அன்று அந்தக் குரலுக்குரியவனைத் திட்டிவிட்டு, அவன் சொன்ன திருத்தத்தைச் செய்தேன். அவனே பின்னாளில் பல் மருத்துவரானான்.

வீட்டுக்கு வந்து, இகராஷி இணையத்தில் போடும் படங்களை முதன்முறையாகப் பார்த்தேன். ஒன்றில் உடைந்த விசைப்பலகையைக் காட்டி, "இந்த ஒரு விசை மட்டும் கிடைக்க மாட்டேங்குது" என்கிறார். கீழே ககோஷிமாவிலிருந்து முன்பின் அறியாத ஒருவர்: "என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்." அடுத்த படத்தில் அந்த விசை இருக்கிறது. எனக்கு இதேபோல் ஒரு கணினிச் சில்லை முரோத்தா தீப்பெட்டியில் பஞ்சுவைத்துக் கொடுத்தார். வேறுபாடு என்ன? தீப்பெட்டி.

வேறுபாடு இல்லையென்று சொல்வதும் பொய்தான். அன்று கணினியைத் திறந்தால் உள்ளே இருந்த ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரியும். இன்று இகராஷிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது; ஆகையால் கண்ணாடி வைத்து விளக்குப் போட்டுப் பார்க்கிறார். பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசையை நான் மீன்தொட்டி என்றேன். இல்லை, அப்படிச் சொன்னவர் நிஷிவாகி. ஆனால் அதைச் சுடுசொல்லாக்கியவன் நான்.

மே 14, ஞாயிறு

கூட்டத்துக்கு இருவர். இகராஷி வரவில்லை. நாடாவைத் தோமிகோவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்றரை மணிக்கு அவர் வீட்டில். கூடமெங்கும் அட்டைப்பெட்டிகள். பூஜை மாடத்தில் முரோத்தாவின் படம். ஊதுவத்தி ஏற்றி வணங்கினேன். அடுக்களை மேசையில் பார்லித் தேநீர் வைத்தார். முகப்பு நிரல் மட்டும் ஏறுகிறது, பின்பகுதி பழுதாகியிருக்கக்கூடும், வாக்கைக் காப்பாற்ற இயலவில்லை என்று நான் தயாரித்து வந்திருந்த சொற்களைச் சொன்னேன்.

"போகட்டும் விடுங்க" என்றார். "எனக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்." நாடாவை உறையிலிருந்து எடுத்தார். அடுக்களை அலமாரியில், சோயா புட்டிக்குப் பக்கத்தில், பாட்டு கேட்கும் பழைய நாடா ரேடியோ ஒன்று இருந்தது. நான் என்னவென்று உணரும் முன்பே நாடாவை அதற்குள் போட்டுவிட்டார்.

"ஐயோ, அதுல போடாதீங்க! அறுந்துடும்!" என்று நான் கத்தியது உண்மை.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. இனி யாரு இத ஓட்டப் போறா?"

கீச்சொலி. கரகரப்பு. "காது கூசுது" என்று தோமிகோ முகம் சுளித்தார், நிறுத்த எழுந்தார். அப்போது கரகரப்பு நின்றது. ஒரு தட்டல். மழைச் சத்தம். தகரக் கூரையில் விழும் மழை. அதன்மேல் ஓர் இளம்பெண்ணின் குரல், சந்தையில் சாமான் சொல்வதைப் போல:

"டைகோன் மூணு. எபி ஆறு. சைபர் சைபர். சிகுவா டைகோன். ஒம்போது அஸுகி…"

"மெதுவா, மெதுவா" என்றது ஓர் ஆண்குரல்.

"மெதுவாத்தான் சொல்றேன். பென்தோ ரெண்டு. ஃபுகு ஃபுகு. எனக்குப் பசிக்குதுங்க."

"இந்த வரி முடியட்டும்."

தோமிகோ நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரே கணத்தில் எல்லாம் புரிந்தது. அஸுகிப் பயறு ஏ. பென்தோ சோற்றுப்பெட்டி பி. சிகுவா மீன்குழல் சி. டைகோன் முள்ளங்கி டி. எபி இறால் ஈ. ஃபுகு மீன் எஃப். வீட்டுக்கு வீடு ஒரு சங்கேதம். இது முரோத்தா வீட்டுச் சங்கேதம். திரையில் C000 காத்திருந்தது இன்னொரு நிரலுக்காக அன்று. தட்டுவதற்கு ஓர் ஆளுக்காக. நாடாவில் இரண்டாம் எண் இல்லாததும் மறதியன்று. இரண்டாம் நிரலே இல்லை. பதிந்திருந்தது இவர் குரல்.

"இது… நானா?" என்றார் தோமிகோ.

"நீங்கதான்."

"ஆமா. வாசிச்சேன். ஒரு மழ நாளு. பத்திரிகைய எங்கிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டதுக்கு, கடைக்கு உன்னயுமா கூட்டிட்டுப் போக முடியும், அங்க ஆம்பளைங்க கூட்டம்னாரு. அப்புறம் கோடை போனஸ்ல சொந்தமாக் கணினி வாங்கிட்டாரு. கொஞ்ச நாள்ல எல்லா விளையாட்டும் கடையிலயே நாடாவா வந்துருச்சு. யாரும் வாசிக்க வேண்டியதில்லாமப் போச்சு. எனக்கு அது மறந்தே போச்சு."

கடை. வரிசை. மழைக்கோட்டுப் பையிலிருந்து காதுக்குச் சென்ற கம்பி. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் நாக்கு தானாகவே சொல்லிற்று:

"பேஸ்பால் கேக்குறாருன்னு நெனச்சோம்மா. நாங்க எல்லாரும். காதுல மாட்டிக்கிட்டு நிப்பாரு. ஸ்கோர் என்னன்னு கேலி பண்ணுவோம். உங்கள… உங்களத்தான் கேட்டுட்டு இருந்திருக்காரு."

தோமிகோ உட்கார்ந்துவிட்டார். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. முள்ளங்கி, இறால், சைபர், மீன். பக்கத்தின் முடிவில் ஆண்குரல்: "இன்னிக்குப் போதும். மிச்சம் அடுத்த ஞாயிறு."

"அடுத்த ஞாயிறா? ஆளப் பாரு. தொண்ட வறண்டு போச்சு." ஒரு சிரிப்பு. தட்டல். வெறும் மழை.

"வாசிக்கவே இல்லையே" என்றார் தோமிகோ. "மிச்சத்த அவரும் கேக்கல, நானும் கேக்கல."

மே 15, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு இகராஷியைத் தொலைபேசியில் அழைத்தேன். பணியில் இருந்தார். பகல் உணவு நேரத்தில் அவரே அழைத்தார். நீங்கள் சொன்னபடி காதால் கேட்டிருந்தால் மார்ச்சிலேயே முடிந்திருக்கும், நான் அஞ்சினேன், அதை விதி என்று சொல்லி மறைத்தேன் என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

மூக்கை உறிஞ்சும் ஒலி. அழுகிறாரோ என்று ஐயம். பிறகு, "டைகோனா?" என்றார். "நெசமாவே டைகோன்னா சொன்னாங்க?" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மே 20, சனி

இகராஷி தம் பார்வையாளர்களிடம் கேட்டிருக்கிறார். ஒரே மாலையில் பதில். ஷோவா 57 ஜூன் மாதப் பத்திரிகை நீகாத்தாவில் ஒரு தபால்காரரிடம் இருக்கிறது. "மழைக்காலம்" வந்த பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டார். ஒரு பத்திரிகையைத் தேடி நான் ஒசாகாவின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு குளிர்காலம் முழுவதும் அலைந்ததுண்டு.

இன்னொன்றும் சொன்னார். அந்த நிரலை யாரோ எப்போதோ முழுதும் தட்டிச் சேமித்துவைத்திருக்கிறார்களாம். இறக்கிக்கொண்டால் உடனே ஓடும். "அப்படியானால் அதையே காட்டிவிடலாமே, ஜூன் 18 நெருங்குகிறது" என்றேன் நான். நான்!

"வேணாம், கட்சுராகி-சான். அவங்களே வாசிக்கட்டும். நீங்க தட்டுங்க."

ஜூன் 11, ஞாயிறு

மழை. கூடத்தில் நால்வர்: நிஷிவாகி, இகராஷி, தோமிகோ, நான். முரோத்தாவின் கணினியை நடுவில் வைத்தோம். படம் பிடித்து நேரலையாகக் காட்டலாமா என்று இகராஷி தோமிகோவிடம் கேட்டார். "என் மூஞ்சியையா? எனக்கு எழுபது ஆச்சும்மா." "கைய மட்டும் காட்டுறேன். கட்சுராகி-சான் கைய. அதுவும் எழுபதத் தாண்டினதுதான்."

முகப்பு நிரலை ஏற்றினேன். C000. கம்பியைக் கழற்றி, செவிப்பொறியைக் காதில் மாட்டி, நாடாவை ஓடவிட்டேன். மழையும் இளம் தோமிகோவும். தட்டத் தொடங்கினேன். விரல் முன்போல் வளைவதில்லை; ஆயினும் அந்தக் குரல் எங்கே நிறுத்தும், எங்கே மூச்சு வாங்கும் என்பது சிறிது நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும், தட்டியவற்றின் கூட்டுத்தொகை பத்திரிகையில் அச்சான தொகையோடு பொருந்த வேண்டும். பொருந்தியது. பொருந்தியது. ஒன்பதாம் வரியில் பொருந்தவில்லை.

"நான் சொல்லல? எல்லா வண்டியும் லேட்டாத்தான் வரும்" என்றார் நிஷிவாகி.

நான் தேடிக்கொண்டிருக்கையில் இகராஷியின் கைப்பேசி பொங்கத் தொடங்கியது. எங்கெங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பத்திரிகைப் பக்கத்தையும் என் விரலையும் ஒப்பிட்டு, ஒரே நேரத்தில் எழுதினார்கள். இகராஷி உரக்கப் படித்தார்: "அஞ்சாவது எடம் டைகோன்! பென்தோ இல்ல! டைகோன்! டைகோன்! டைகோன், தாத்தா!" அந்தச் சங்கேதத்தை அதற்குள் அவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். பி-யை டி ஆக்கினேன். கூட்டுத்தொகை பொருந்தியது. முன்பு என் முதுகுக்குப் பின்னால் ஒரு நிஷிவாகி நின்றான். இன்று ஊரே நிற்கிறது.

நாடா முடிந்தது. அடுத்த ஞாயிறு என்றது முரோத்தாவின் குரல். நான் செவிப்பொறியைக் கழற்றினேன். தோமிகோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீகாத்தாவிலிருந்து வந்த பக்கத்தை இகராஷியின் திரையில் பெரிதாக்கச் சொன்னார். விரலால் வரியைத் தொட்டார்.

"சைபர் எபி. மூணு அஸுகி. சிகுவா ஒம்போது…" பாதியில் நிறுத்தினார். "மெதுவா வாசிக்கணுமா?"

"இந்த வேகமே சரி" என்றேன்.

வாசித்தார். குரல் கரகரத்திருந்தது, தாளம் மாறவில்லை. கடைசி வரி பொருந்தியதும் ஓட்டும்படி கட்டளையிட்டேன். கரிய திரையில் வெள்ளைக் கோடுகள் சாய்வாக விழத் தொடங்கின. கீழே ஒரு சிறு குடை. அம்பு விசையை அழுத்தினால் குடை இடமும் வலமும் நகரும். மழை குடையில் பட்டால் ஒரு சிறு ஒலி. அவ்வளவே.

"இவ்வளவுதானா?" என்றார் தோமிகோ.

"இவ்வளவுதான்."

"இதுக்கா என்னப் பட்டினி போட்டு வாசிக்க வச்சாரு!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு நகர்ந்து கணினியின் முன் உட்கார்ந்து, குடையை இடப்பக்கம் கொண்டுபோனார், வலப்பக்கம் கொண்டுவந்தார். ஒகுனோ கூடத்தைப் பூட்ட வந்து நின்றும் அவர் எழவில்லை. ஒகுனோ சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

ஜூன் 18, ஞாயிறு

முரோத்தாவின் வருஷத் திதி. மூவரும் சென்றோம். பூஜை மாடத்தில் பழங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கி. பிக்கு இரண்டு முறை அதைப் பார்த்தார், கேட்கவில்லை.

ஜூன் 28, புதன்

தோமிகோ சப்போரோவுக்குப் புறப்பட்டார். கணினியைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். நாடாவைத் தம்மோடு எடுத்துச் சென்றார். அதுதான் முறை.

ஜூலை 9, ஞாயிறு

சுவர்க்கடிகாரம் சரியாக ஓடுகிறது. யார் திருத்தியது என்று தெரியவில்லை; நிஷிவாகி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோவா 57 ஆகஸ்ட் மாதப் பத்திரிகையிலிருந்து ஒரு மீன்பிடி விளையாட்டு. நீண்ட நிரல், இரண்டு மூன்று கூட்டமாவது பிடிக்கும். இகராஷி ஏதோ இணைத்துக் கொடுக்க, நான் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு தட்டினேன். முள்ளங்கிக்கும் இறாலுக்கும் இடையே சப்போரோவில் ஒரு பேரக்குழந்தையின் அழுகையும், "இருடா, பாட்டிக்கு வேல இருக்கு" என்பதும் கேட்டன.

ஒகுனோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன, கட்சுராகி-சான், மேட்சா? ஸ்கோர் என்ன?"

"இன்னும் ஆட்டம் முடியல" என்றேன், திரும்பாமலே.